கடல் உள்வாங்கும் தலைப்புகளும் விஞ்ஞானச் செய்திப் பயிற்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

‘கடல் உள்வாங்கியது, மக்கள் அச்சம்’ என்ற தலைப்பு திருகோணமலைக் கரையோர வாசகர்களுக்குப் பழகிப்போன ஒன்று. எத்தனை மீற்றர் உள்வாங்கியது, எந்தக் கரையில், எத்தனை மணிக்கு, அன்று பறுவமா அமாவாசையா என்ற விபரங்கள் அதன் கீழே வரும் செய்தியில் அநேகமாக இருப்பதில்லை. அவற்றைக் கேட்டு எழுதியிருந்தால் பெரும்பாலான தடவை அது செய்தியாகவே வந்திருக்காது. நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆனால் சாய்வு குறைந்த மணற்கரையில் நீர்மட்டம் அரை மீற்றர் இறங்கினாலே நீர் விளிம்பு பத்து, இருபது மீற்றர் பின்னே போய்விடும். பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் வற்று இன்னும் கூடுதலாக இருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் கரை ஒரு பக்கம் அரிபட்டு இன்னொரு பக்கம் மேடாகிறது. மேடான பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குக் கடல் தள்ளிப் போனதாகத்தான் தெரியும்.

மக்களின் அச்சத்தைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. இந்தச் செய்திகள் இரண்டு பிழைகளைச் சேர்த்தே விதைக்கின்றன. கடல் உள்வாங்கினால் சுனாமி என்பது ஒன்று. உள்வாங்காவிட்டால் ஆபத்தில்லை என்பது மற்றது. இரண்டாவதுதான் உயிரைக் குடிக்கும். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி நம் கிழக்குக் கரைக்கு முதலில் வந்தது நீரேற்றம். பெரிய பின்வாங்கல் அதற்குப் பிறகே நடந்தது. தாய்லாந்துக் கரையில்தான் கடல் முதலில் உள்ளே போனது. சுமாத்திராவுக்கு அப்பால் பிளவின் மேற்குப் பக்கக் கடலடி உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது; அதனால் மேற்கே, அதாவது எங்களை நோக்கி, அலையின் முகடு முன்னே வந்தது. வற்றுக்கும் பெருக்குக்கும் நடுவே ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் செல்லும். சுனாமியில் கடல் ஏறுவதும் இறங்குவதும் நிமிடக் கணக்கு. கடல் எவ்வளவு வேகமாக மாறியது என்ற ஒரு கேள்வியை நிருபர் கேட்டிருந்தால் செய்தி வேறு திசையில் போயிருக்கும்.

நிலநடுக்கச் செய்தியிலும் இதே நிலைதான். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 பருமனுள்ள நிலநடுக்கம் வந்தபோது கரையோரச் சனம் உள்நாட்டுக்கு ஓடியது. 2005 மார்ச் 28ஆம் திகதி நியாஸ் தீவருகே வந்ததும் 8.6தான். இரண்டு தடவையும் அழிவு தரும் அலை இங்கே வரவில்லை. ஆனால் காரணங்கள் வேறு வேறு. 2012இல் பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. கடலடி பெரிதாக உயரவில்லை, நீரும் தள்ளுண்ணவில்லை. 2005இல் உயர்ந்த நிலத்தில் கணிசமான பங்கு தீவுகளும் ஆழமற்ற கடலும்; அதனால் தள்ளுண்ட நீர் குறைவு. ஆகவே பருமனை மட்டும் கொட்டை எழுத்தில் போடுவது பாதிச் செய்தி. எத்தனை கிலோமீற்றர் ஆழத்தில், எந்த வகை நகர்வு, இந்த எண் எத்தனை மணிக்குச் சொல்லப்பட்டது என்பவையும் வேண்டும். 2004இல் பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்தின் முதல் அறிவிப்பில் பருமன் 8.0 என்றே இருந்தது. பின்னர் கணிக்கப்பட்டது 9.1. பருமன் ஒன்று கூடினால் வெளிவரும் சக்தி ஏறத்தாழ 32 மடங்கு கூடும் என்பது தெரிந்தால் அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதும் விளங்கும். ‘ரிக்டர் அளவுகோலில்’ என்ற சொல்லையும் இனி விட்டுவிடலாம். அது 1935இல் கலிபோர்னிய நிலநடுக்கங்களுக்காக ஆக்கப்பட்டது. பெரிய நிலநடுக்கங்களை அதனால் சரியாக அளக்க முடியாது. ‘பருமன் 8.6’ என்றாலே போதும்.

இன்னொரு சின்ன விடயம். 2004 நினைவுக் கட்டுரைகளில் நிலநடுக்க நேரம் சிலவற்றில் காலை 6.58 என்றும் சிலவற்றில் 6.28 என்றும் வருகிறது. இரண்டும் ஒரே நேரம்தான். அன்று இலங்கைக் கடிகாரம் இன்றையதைவிட அரை மணித்தியாலம் முன்னே ஓடியது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். இணையத்தில் பார்த்து எழுதுபவர் எந்தக் கடிகாரம் என்று கேட்காவிட்டால், அலை வந்து சேர எடுத்த நேரமும் அரை மணித்தியாலம் பிழைத்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் நிருபருக்கு விஞ்ஞானம் தெரியாததே காரணம் என்று சொல்வது இலகு. எங்கள் கணிப்பு வேறு. மூதூரிலோ குச்சவெளியிலோ இருக்கும் பிராந்திய நிருபர் ஐந்து வரியை வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள உப ஆசிரியர் அதைப் பத்து நிமிடத்தில் செம்மைப்படுத்தித் தலைப்புப் போடுகிறார். ‘சில இடங்களில்’, ‘சந்தேகத்துக்குரிய’, ‘ஆய்வுக்கூடத்தில்’ ஆகிய சொற்கள் இடம் போதாமல் வெட்டுப்படுவது இந்த இரண்டாவது மேசையில்தான். ஆனால் பயிற்சிக்கு அழைக்கப்படுவதோ நிருபர் மட்டும். அதுவும் கொழும்பில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில், ஆங்கிலப் படவில்லைகளோடு, முடிவில் சான்றிதழும் குழுப்படமும். தலைப்புப் போடுபவர் அதே அறையில் இருக்காத பயிற்சியால் பத்திரிகையில் ஒன்றும் மாறாது.

நிருபரும் உப ஆசிரியரும் சேர்ந்திருக்கும் ஒரு விஞ்ஞானச் செய்திப் பயிற்சியைத் திருகோணமலையிலேயே, தமிழிலேயே நடத்த முடியும். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கை, பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் மூன்றும் ஒரே வளவுக்குள் கற்பிக்கப்படுகின்றன. வேறெங்கும் இலேசில் வாய்க்காத வசதி அது. இரண்டு நாள் பயிற்சி, மூன்று மாதம் கழித்து ஒரு நாள். இருபது பேருக்கு மேல் வேண்டாம். அவர்களில் பன்னிரண்டு பேர் நிருபர்கள், எட்டுப் பேர் செய்தி மேசையில் இருப்பவர்கள்.

முதல் நாள் காலை முழுவதும் எண்களுக்கு. ‘100 மில்லிமீற்றர் மழை’ என்றால் என்ன என்று கேட்டால் அறையில் பாதிப் பேர் தயங்குவார்கள். ஒரு சதுர மீற்றரில் 100 லீற்றர். 1,000 சதுர அடிக் கூரையில் ஏறத்தாழ 9,300 லீற்றர். 1,000 லீற்றர்த் தாங்கி ஒன்பது நிரம்பும். வாசகருக்கு விளங்குவது தாங்கிக் கணக்குத்தான். திருகோணமலையில் ஓர் ஆண்டில் பெய்வது ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர். ஆகவே ஒரு நாளில் 100 என்பது ஆண்டு மழையின் பதினாறில் ஒரு பங்கு. வளிமண்டலவியல் திணைக்களத்தின் 24 மணித்தியாலக் கணக்கு காலை 8.30க்கு முடிகிறது. ‘இன்று பெய்த மழை’ என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி நேற்றையது.

அடுத்தது வீதம். ஒரு கிழமையில் கொழும்பு மாவட்டத்தில் 100 டெங்கு நோயாளரும் திருகோணமலையில் 100 பேரும் என்று ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். செய்தி ‘சமம்’ என்று சொல்லும். 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி கொழும்பில் 23 இலட்சம் பேர், இங்கே 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர். இலட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் அங்கே 4, இங்கே 26. இதே அமர்விலேயே ‘ஆபத்து இரட்டிப்பானது’ என்ற வாக்கியத்தையும் உடைத்துக் காட்ட வேண்டும். பத்தாயிரத்தில் ஒருவர் இருவரானாலும் இரட்டிப்புத்தான், நூறில் இருபது நாற்பதானாலும் இரட்டிப்புத்தான். எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்ற இரண்டு எண்ணும் இல்லாத மடங்குக் கணக்கை உப ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

சூறாவளிக்குத் தனியாக ஒரு மணித்தியாலம் ஒதுக்கலாம். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. அது போன்ற நாட்களில் மேசைக்கு வரும் தகவல் நாலாபக்கமும் சிதறிக் கிடக்கும். காற்று மணிக்கு ஏறத்தாழ 62 கிலோமீற்றரை எட்டிய பிறகே தாழமுக்கத்துக்குச் ‘சூறாவளி’ என்ற பெயர். அதற்கு முன்பே அந்தச் சொல்லைப் போட்டால் உண்மையான சூறாவளி வரும்போது சொல்லிக்கொள்ள வார்த்தை இருக்காது. வெளிநாட்டு அறிக்கைகளில் வேகம் நொட்டில் இருக்கும். ஒரு நொட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீற்றர். 50 நொட்டை 50 கிலோமீற்றர் என்று எழுதினால் புயல் பாதியாகச் சுருங்கிவிடும். இந்திய வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரிக் காற்றைச் சொல்கிறது, அமெரிக்கக் கடற்படை நிலையம் ஒரு நிமிடச் சராசரியைச் சொல்கிறது. ஒரே புயலுக்கு இரண்டு எண் வருவது அதனால்தான். ‘புயல் வலுத்தது’ என்று எழுதுமுன் இரண்டு எண்ணும் ஒரே இடத்திலிருந்து வந்தனவா என்று பார்க்க வேண்டும். அறிக்கையில் சர்வதேச நேரம் இருந்தால், இலங்கை நேரத்துக்கு அதனோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். வரைபடத்தில் விரிந்து போகும் கூம்பு புயலின் பரப்பு அல்ல, அதன் மையம் போகக்கூடிய எல்லை. கூம்புக்கு வெளியே இருக்கும் ஊரிலும் வெள்ளம் வரும். கூம்பின் நடுக்கோட்டை மட்டும் எடுத்து ‘இந்த ஊரைத் தாக்கும்’ என்று தலைப்புப் போடுவதைப் போல் கெடுதி வேறில்லை.

டெங்குவை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2017இல் நாட்டில் 186,000க்கு மேற்பட்ட நோயாளர் பதிவானார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாடு இம்மாவட்டத்தில் யாரும் மறந்ததல்ல. ஆனாலும் செய்திகள் இன்னும் குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையையே சுற்றி வருகின்றன. உயிராபத்து பெரும்பாலும் இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிவதால் வருகிறது. அந்தக் கசிவு தொடங்குவது காய்ச்சல் இறங்கும் வேளையில், பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சிறுநீர் குறைதல், கைகால் குளிர்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போகச் சொல்லும் வரி ஒவ்வொரு டெங்குச் செய்தியிலும் இருக்க வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டுமே, அஸ்பிரின், இபுபுரூபன், டைகுளோபெனாக் கூடாது என்பதும் அப்படியே. ‘பரிசோதனையில் டெங்கு இல்லை’ என்ற வரியில் எந்தப் பரிசோதனை, எத்தனையாம் நாள் என்று கேட்க வேண்டும். வைரசின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை முதல் சில நாட்களுக்கு உரியது. வைரசுக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியைத் தேடும் பரிசோதனை ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்குப் பிறகே பலன் தரும். அதை இரண்டாம் நாள் செய்து ‘இல்லை’ என்று வந்தால் அதற்குப் பொருளில்லை.

டெங்குச் செய்தியோடு வரும் படம் எப்போதும் புகையடிக்கும் படம். புகை பறக்கும் நுளம்பை மட்டுமே கொல்லும். முட்டை காய்ந்த பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். நம் வெப்பத்தில் முட்டை நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவேதான் கிழமைக்கு ஒரு தடவை, தண்ணீரைக் கொட்டுவதோடு நில்லாமல், தேய்த்துக் கழுவ வேண்டும் என்கிறார்கள். தும்புக் கட்டையால் தொட்டி தேய்க்கும் ஒரு படத்தை முதற்பக்கத்தில் போட்டுப் பாருங்கள்.

இரண்டாம் நாள் ஆய்வுக் கட்டுரை வாசிப்பு. சுருக்கத்தையும் பல்கலைக்கழகம் அனுப்பும் ஊடக அறிக்கையையும் கடைசியில் வாசிக்கப் பழக்க வேண்டும். முதலில் ஆய்வு முறை: மனிதரிலா, எலியிலா, கண்ணாடித் தட்டிலா? எத்தனை பேர்? எதனோடு ஒப்பிட்டார்கள்? பிறகு, பணம் தந்தவர் யார் என்ற வரி. அடுத்து, ஆய்வாளர்களே தம் குறைகளைச் சொல்லும் பந்தி; கட்டுரையின் மிக நேர்மையான பகுதி பெரும்பாலும் அதுதான். சக ஆய்வாளர் இன்னும் சரிபார்க்காத முன்பிரதி என்றால் அதை முதல் பந்தியிலேயே சொல்ல வேண்டும். ‘மூலிகை வைரசைக் கொன்றது’ என்ற தலைப்புக்கு முன் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம்: தட்டில் வைத்தால் டெங்கு வைரசைச் சவர்க்காரமும் கொல்லும். 2020 டிசெம்பரில் கொரோனாவுக்கு மருந்தென்று சொல்லப்பட்ட பாணியை வாங்கக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் கூடியதில் ஊடகங்களுக்கும் பங்கிருந்தது. சித்த மருத்துவம் கற்பிப்போரையும் இந்த அமர்வுக்கு அழைக்கச் சொல்வது அதனால்தான். பாரம்பரிய மருத்துவத்தைப் புகழ்வதும் இகழ்வதும் இலகு. அதனிடமும் ‘எத்தனை பேரில் பார்த்தீர்கள்’ என்று மரியாதையோடு கேட்பதே கடினம்.

இதற்குப் பொருத்தமான பயிற்சிப் பொருள் இம்மாவட்டத்தின் பதவிசிறிபுரப் பக்கம் பல குடும்பங்களைத் தின்றுவரும் சிறுநீரக நோய். ‘காரணம் கண்டுபிடிப்பு’ என்று எத்தனையோ தடவை எழுதியாயிற்று: கட்மியம், ஆசனிக்கு, நீரின் வன்மை, புளோரைட்டு, களைநாசினி, வெயிலில் நீரிழப்பு. ஒன்றும் தனிக் காரணமாக உறுதிப்படவில்லை. கிளைபோசேற் என்ற களைநாசினி 2015இல் தடை செய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இரண்டு முடிவிலும் அறிவைவிட அரசியல் அதிகம் பேசியது என்பது எங்கள் கருத்து. பயிற்சியாளர் இங்கே அழுத்த வேண்டியது இரண்டு. நோயாளரின் கிணற்றில் ஒரு பொருள் இருந்தது என்றால், நோயில்லாத அயலவரின் கிணற்றில் அது எவ்வளவு இருந்தது? மற்றது அலகு. ஆசனிக்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 10 மைக்குரோகிராம், புளோரைட்டுக்கு 1.5 மில்லிகிராம். மைக்குரோவை மில்லியாக்கினால் ஆயிரம் மடங்கு பிழை. ‘கண்டறியப்பட்டது’ என்பதும் ‘எல்லையை மீறியது’ என்பதும் ஒன்றல்ல. நுண்கருவி இன்று எதையும் எங்கும் கண்டறியும்.

விஞ்ஞானியோடு பேசுவதில் ஒரு சிக்கல் உண்டு. அரச திணைக்கள அலுவலர் பலர் அனுமதியின்றி ஊடகத்துக்குப் பேச முடியாது. நிருபர் அதை மறைப்பு என்று எழுதிவிடுகிறார். பேச அதிகாரமுள்ளவர் யார் என்ற பட்டியலை அமைதியான மாதத்திலேயே திரட்டி வைக்க வேண்டும். கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவு போன்ற ஆவணங்களுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அன்றைய செய்திக்கு அது உதவாது, ஆனால் கிழமை இதழ்க் கட்டுரைக்கு உதவும். செவ்வி முடிந்ததும் ‘இதை வைத்து எதைச் சொல்லக்கூடாது?’ என்று ஒரு கேள்வி கேட்கப் பழக்கலாம். பிழையான தலைப்புகளில் பாதி அந்தப் பதிலிலேயே செத்துவிடும். எழுதியதில் உள்ள எண்களை மட்டும் அவருக்குத் திருப்பி வாசித்துக் காட்டுவது தப்பில்லை. முழுப் பிரதியைக் கையளிப்பது வேறு விடயம். அவருக்கே தெரியாதென்றால் ‘இன்னும் தெரியாது’ என்று அச்சிடுங்கள். அதுவும் செய்திதான்.

சொற்களுக்கு அரை நாளாவது வேண்டும். மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்களும் ஆக்கிய மண் இது. ஆனால் தமிழகத் தளங்களிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுவதால் ஒரே செய்தியில் நுளம்பும் கொசுவும், ஒட்சிசனும் ஆக்சிஜனும் சேர்ந்து வருகின்றன. பாடப்புத்தகச் சொல்லோடு நிற்பது நல்லது. வாசகரின் பிள்ளை அதைத்தான் படிக்கிறது. ‘நிரூபணமானது’, ‘தொடர்புள்ளது’, ‘காரணமாகிறது’ என்ற மூன்றையும் மாற்றிப் போடும்போது வரும் கேடு இதைவிடப் பெரிது. நிலாவெளிக்கு எதிரே புறாமலையில் பவளப்பாறை வெளிறினால் ‘அழிந்தது’ என்று எழுதக்கூடாது. நீர் குளிர்ந்தால் வெளிறிய பவளம் மீளலாம், செத்தது மீளாது.

களப்பயிற்சிக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் போதும். ஏழு கிணறுகளிலும் ஒரே ஆழத்தில் வெப்பமானியை இறக்கி, மும்மூன்று தடவை அளந்து, சராசரியும் ஏற்ற இறக்கமும் எழுதட்டும். இருவர் அளந்த எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று விவாதிக்கும்போதுதான் அளவீட்டுப் பிழை என்றால் என்ன என்பது கைக்கு வரும். பிறகு வெந்நீர் எங்கிருந்து வருகிறது என்று 250 சொல்லில் ஒரு செய்தி. பூமிக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்க ஏறத்தாழ 25 முதல் 30 பாகை சூடு கூடும், வெடிப்புகளால் ஆழத்துக்குப் போன மழைநீர் சூடாகி மேலே வருகிறது, எரிமலை இல்லை. இராவணன் கதையையும் எழுதலாம், அதற்குரிய பந்தியில். எழுதியவரிடமிருந்து பிரதியைத் தொலைபேசியில் வாங்கி, அடுத்த அறையில் இருக்கும் உப ஆசிரியர் ஆறு சொல்லில் தலைப்புப் போடட்டும். எந்த எண் தொலைந்தது, எந்தச் சொல் கூடியது என்று இருவரும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கட்டும்.

மாரிமழை ஒக்டோபரில் தொடங்கும். டெங்கும் வெள்ளமும் பின்னாலேயே வரும். ஓகஸ்டிலோ செப்டெம்பரிலோ இதை நடத்த உங்கள் பத்திரிகை முன்வந்தால், மேசையில் இருப்பவர்களில் இருவரையேனும் இரண்டு நாள் விடுவித்து அனுப்ப வேண்டும். வருபவர்கள் மடிகணினி கொண்டுவரத் தேவையில்லை. கணிப்பான் உள்ள தொலைபேசியும், கடந்த ஆண்டில் தாங்கள் எழுதிய அல்லது தலைப்பிட்ட மூன்று விஞ்ஞானச் செய்திகளின் வெட்டுத்துண்டுகளும் போதும்.

இப்படிக்கு,
விஞ்ஞானம் கற்பிப்போரும் செய்தித்துறையில் இருப்போருமான சில வாசகர்கள்,
திருகோணமலை.